ஆடி மாதத்து இன்ஜின்

"குருவே, என் காருக்கு எந்த இன்ஜின் பொருந்தும்?" என்று வெள்ளிங்கிரி கேட்டார்.

ரெஜினா பதில் சொல்லவில்லை. ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

வெள்ளிங்கிரி காத்திருந்தார்.

போத்தனூரை நோக்கி ஒரு ரயில் போனது. இன்னொன்றும் போனது.

மௌனம்தான் பதிலோ? இன்ஜின் என்பதே ஒரு மாயை என்கிறாரோ? வெள்ளிங்கிரிக்குக் கண் கலங்கியது.

ரெஜினா வெளியே வந்தார். வாயிலிருந்து நாலைந்து நட்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"வாயில நட்டு இருந்துச்சுண்ணா. என்ன கேட்டீங்க?"

ரெஜினாவுக்கு இருபத்தொன்பது வயது. காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டும் ட்ரிஃப்ட் போட்டிகளில் மூன்று கோப்பைகள் வாங்கியவர். அவருடைய மெக்கானிக் ஷெட்டில் ஒரு கோப்பையில் வாஷர்கள் கிடந்தன. இன்னொன்றில் ஸ்பிரிங்குகள். மூன்றாவது, பூனைக்குப் பால் வைக்க.

வெள்ளிங்கிரிக்கு நாற்பத்தாறு. கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். அவர் தெர்மாகோலில் அறுத்துக் கொடுத்த பெயர்களுக்கு முன்னால் நின்றுதான் ஊரில் பாதிப் பேர் தாலி கட்டியிருக்கிறார்கள்.

"குருன்னு கூப்பிடாதீங்கண்ணா. ஏதோ ஆசிரமம்னு நெனச்சு கஸ்டமர் திரும்பிப் போயிடறாங்க."

"செரிங்க குருவே."

வெள்ளிங்கிரியிடம் ஒரு பழைய காண்டஸா இருந்தது. பின்சக்கரங்கள் உந்தும் கார். நீளமான மூக்கு. ட்ரிஃப்டுக்கு இதைவிட நல்ல வண்டி இந்தக் காசுக்குக் கிடைக்காது என்று விற்றவர் சொன்னார்.

ஒரே குறை, அதில் இன்ஜின் இல்லை.

விற்றவர் அதைக் கழற்றித் தன் தோட்டத்தில் தண்ணீர் இறைக்க வைத்திருந்தார். வெள்ளிங்கிரி அதையாவது கேட்டு வாங்கலாம் என்று போனார். தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கேட்க மனம் வரவில்லை. ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. மேடைக்காரர்களுக்கு வருடத்தில் அந்த மாதம்தான் ஓய்வு. போன ஆடி முழுக்க வெள்ளிங்கிரி இன்ஜின் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆடியிலும் அதையேதான் செய்தார்.

இந்த ஆடி பிறந்ததும் அவர் மனைவி ருக்குமணி கெடு வைத்துவிட்டார்.

"ஏனுங்க, பாதிக் குடோன அந்தக் காரு அடச்சுட்டு நிக்குது. மணவறைத் தூணெல்லாம் வெளிய கெடந்து நனையுது. இந்த ஆடிக்குள்ள அது ஓடலீனா, ஆவணி ஒண்ணாந்தேதி காயலாங்கடைக்குப் போயிரும். ஆளுக்குச் சொல்லி வெச்சுட்டேன்."

உண்மையிலேயே சொல்லி வைத்திருந்தார். காயலாங்கடைக்காரர் ஒருநாள் வந்து காரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கெட்டித் தகடு" என்று மனதாரப் பாராட்டினார். அன்று வெள்ளிங்கிரி சாப்பிடவில்லை.

ஆடியின் கடைசி ஞாயிறு, நீலாம்பூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் லாரி மைதானத்தில் ட்ரிஃப்ட் ஓட்டுகிறவர்கள் கூடுவார்கள். கார் அங்கே ஓட வேண்டும். ஓடினால் பிழைக்கும்.

ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எவ்வளவு செலவு பண்ணலாம்?"

"ரெண்டு கல்யாணமுங்க."

"புரியல."

"ரெண்டு கல்யாணத்துல நிக்கற லாபம். அதுக்கு மேல ருக்கு குடுக்க மாட்டா."

"மனசுல எந்த இன்ஜின் இருக்கு?"

வெள்ளிங்கிரி குரலைத் தாழ்த்தினார். "ஜப்பான் ஆறு சிலிண்டர்."

"அது எத்தன கல்யாணம்?"

"முப்பது. மேல ஒரு அறுபதாங் கல்யாணமும் வேணுமுங்க."

"அடுத்து?"

"டர்போ வெச்ச நாலு சிலிண்டர். உக்கடத்துல ஒருத்தர் வெச்சிருக்கறாரு. மூணு கல்யாணம். கொஞ்சம் பேசினா ரெண்டுக்கு எறங்குவாரு."

"அப்புறம்?"

"லாரி டீசல். அது சும்மா ஒரு வளைகாப்புதானுங்க."

ரெஜினா ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மூணையும் செஞ்சுட்டு வாங்க."

"இன்ஜினையா?"

"தெர்மாகோல்ல. நீளம், அகலம், ஒயரம் எல்லாம் அச்சா இருக்கணும். ஆயில் தொட்டி எங்க தொங்குது, டர்போ எந்தப் பக்கம் நீட்டுது, அதுவும் வேணும். காசு குடுத்து வாங்கிட்டு வந்து, உள்ள போகலைன்னு எத்தன பேர் இங்க நின்னு அழுதிருக்காங்க தெரியுமா? தெர்மாகோல்னா யாரும் அழமாட்டாங்க."

அவருக்கு வெள்ளிங்கிரியை அப்போது அவ்வளவாகத் தெரியாது.

வெள்ளிங்கிரி இஞ்ச் டேப்போடு உக்கடம் போனார். பழைய இன்ஜின்களை அளந்தார். வீட்டுக்கு வந்து அறுக்க ஆரம்பித்தார்.

லாரி டீசலை ஒரே மூச்சில் முடித்தார். டர்போவுக்கு இரண்டு நாள் ஆனது.

ஆறு சிலிண்டருக்கு அவர் சோறு தண்ணீர் மறந்தார். வெள்ளித் தாள் ஒட்டினார். மேல்மூடியைச் சுற்றித் தங்க ஜரிகை. உள்ளே சீரியல் பல்பு. சுவிட்சைப் போட்டால் ஒவ்வொரு சிலிண்டராக எரிந்தது. வரிசையாக அல்ல. நிஜ இன்ஜினில் எந்த வரிசையில் வெடிக்குமோ அந்த வரிசையில்.

ருக்குமணி வந்து பார்த்தார்.

"பொண்ணு மாப்பிள்ள பேரு இன்னும் எழுதலீங்களா?"

மூன்று இன்ஜின்களையும் பிக்கப்பில் ஏற்றினார்கள். மேடைச் சாமான் ஏற்றும் அதே பிக்கப். எப்போதும் ருக்குமணிதான் ஓட்டுவார். வெள்ளிங்கிரி பின்னால் உட்கார்ந்து, தெர்மாகோல் காற்றில் பறந்துவிடாமல் கட்டிப் பிடித்துக்கொள்வார். அன்று அவர் ஆறு சிலிண்டரை மட்டும்தான் பிடித்திருந்தார். லாரி டீசல் சுந்தராபுரத்தில் பறந்துபோய், ஒரு பேக்கரி வாசலில் இறங்கியது. திரும்பப் போய் எடுத்து வந்தார்கள்.

காண்டஸாவை முன்பே ரெஜினாவின் ஷெட்டுக்குக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். பானட் திறந்து கிடந்தது.

"அழகா இருக்குண்ணா" என்றார் ரெஜினா.

"உங்க ஆசீர்வாதமுங்க."

"உள்ள எறக்குங்க."

ஆறு சிலிண்டரை இறக்கினார்கள். முன்பக்கம் அடங்காமல் தூக்கிக்கொண்டு நின்றது; பானட் மூடவில்லை. முன்னால் ரேடியேட்டருக்கும் இடமில்லை.

ரெஜினா ஒரு கத்தியை நீட்டினார். "மூடற வரைக்கும் அறுங்க."

"குருவே!"

"நெஜ இன்ஜின்னா இத அறுக்க முடியாது. இப்பவே அறுத்துப் பாத்துருங்க."

வெள்ளிங்கிரி ஒரு சிலிண்டரை அறுத்தார். மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றையும் அறுத்தார்.

மூடியது.

"இப்ப இது என்ன இன்ஜின்?"

"நாலு சிலிண்டர்" என்றார் வெள்ளிங்கிரி. அறுபட்ட இரண்டும் வயரில் தொங்கியபடி இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தன.

அடுத்து டர்போ. அது உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. பானட்டும் மூடியது. வெள்ளிங்கிரி நிமிர்ந்து நின்றார்.

ரெஜினா ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டை எடுத்து, அதற்குரிய வழியில் விட்டார். அது நேராகப் போய் டர்போவின் வயிற்றில் குத்தி நின்றது.

"நம்ம ஊர்ல ஸ்டியரிங் வலது பக்கம். இந்த இன்ஜினுக்கு டர்போவும் வலது பக்கம். ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். எது வேணும்?"

வெள்ளிங்கிரி ஸ்டியரிங்கைப் பார்த்தார், டர்போவைப் பார்த்தார்.

"இன்னைக்கே சொல்லோணுமுங்களா?"

மூன்றாவது லாரி டீசல். பக்கங்களில் உரசிக்கொண்டு எப்படியோ இறங்கியது. ரெஜினா அதை வெளியே எடுத்துவிட்டு, மூலையில் கிடந்த இரும்பு மூட்டைகளை அந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"நெஜ இன்ஜின் இந்த எடைதான் இருக்கும்."

காரின் மூக்கு தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. முன்டயர்கள் தகட்டில் முட்டின.

"காரு கும்பிடுதுங்க" என்றார் ருக்குமணி.

"வளைவுல திருப்பினாலும் மூக்கு நேராத்தான் போகும்" என்றார் ரெஜினா. "செவுரு வர்ற வரைக்கும்."

வெள்ளிங்கிரி தரையில் உட்கார்ந்தார். அறுபட்ட சிலிண்டர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

ரெஜினா பதறிப்போனார். "அண்ணா, அது தெர்மாகோல்ண்ணா."

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன்?"

"அப்ப எனக்குன்னு ஒரு இன்ஜினுமே இல்லீங்களா குருவே?"

ரெஜினா வாசலை நோக்கிக் கையை நீட்டினார்.

வெள்ளிங்கிரி அந்தத் திசையில் பார்த்தார். "ஆகாசமுங்களா?"

"அதுக்குக் கீழ."

"வேப்பமரம்?"

"அண்ணா. வண்டி."

மரத்தடியில் பிக்கப் நின்றுகொண்டிருந்தது.

ரெஜினா அதன் அடியில் புகுந்து இஞ்ச் டேப்பால் அளந்தார். பிறகு காண்டஸாவை அளந்தார். மறுபடியும் போய் பிக்கப்பை அளந்தார்.

"உள்ள போகும். எடையும் மூக்கு தாங்கும். டர்போ இடது பக்கம். தொட்டியும் சரியான எடத்துல தொங்குது. கியர்பாக்ஸோட அப்படியே எடுத்துடலாம். பின்னாடி போற ஷாஃப்ட மட்டும் புதுசா அளவுக்கு வெட்டணும். அது உங்க ரெண்டு கல்யாணத்துல பாதிகூட ஆகாது."

"இன்ஜினுக்கு எத்தன கல்யாணம்?"

"ஒண்ணுமில்ல. ஆடியில வண்டி சும்மாத்தான நிக்குது?"

ருக்குமணி இடுப்பில் கை வைத்தார்.

"ஏனுங் அம்மிணி, எம்பட வண்டியவா சொல்றீங்க?"

"ஆடி முடியறதுக்குள்ள திருப்பி மாட்டித் தந்துடறேன்க்கா."

ருக்குமணி பிக்கப்பை ஒருமுறை சுற்றி வந்தார். அந்த வண்டி இல்லாவிட்டால் மேடை போகாது. மேடை போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆவணி இரண்டாம் தேதி பொள்ளாச்சியில் முதல் முகூர்த்தம். முன்பணம் வாங்கிச் செலவும் செய்தாகிவிட்டது.

பிறகு அவர் தன் கணவரைப் பார்த்தார். ஈரக் கன்னத்தில் தெர்மாகோல் மணிகள் ஒட்டியிருந்தன.

"ஆவணி பொறக்கறப்போ இன்ஜின் எம்பட வண்டில இருக்கோணும்."

"இருக்கும்க்கா."

"அந்த ஞாயித்துக்கெழம நானும் வந்து பாப்பேன். காரு ஓடலீனா காயலாங்கடைதான். அதுல மாத்தமில்ல."

"செரி ருக்கு" என்றார் வெள்ளிங்கிரி. அழுகையை நிறுத்தியிருந்தாலும் முகம் தெளியவில்லை. "ஆனா பிக்கப் இன்ஜினுன்னு வெளிய எப்படிச் சொல்றது?"

ரெஜினா அதற்குள் பிக்கப்பின் பானட்டைத் தூக்கியிருந்தார்.

ஆடியின் கடைசி ஞாயிறு.

மில் மைதானத்தில் கார்கள் வரிசையாக நின்றன. அங்கே யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. பானட்டைத்தான் முதலில் தூக்குவார்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் வந்தான்.

"என்ன இன்ஜின்ணா?"

"நாலு சிலிண்டர்."

"எந்த நாலு சிலிண்டர்?"

"சொந்த நாலு சிலிண்டர்."

அவன் குனிந்து பார்த்தான். "பிக்கப் இன்ஜின் மாதிரி இருக்குதே?"

"மாதிரியெல்லாம் இல்லீங்க தம்பி" என்றார் வெள்ளிங்கிரி.

"அதேதான்" என்றார் ருக்குமணி. குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார்.

ரெஜினா பின்சக்கரங்களுக்கு வழுக்கையான பழைய டயர்களைப் போட்டு, காற்றைக் கல் மாதிரி ஏற்றியிருந்தார். இன்ஜின் பலம் குறைவு என்றால் டயரின் பிடியும் குறைவாக இருக்க வேண்டும் என்றார்.

மைதானத்தின் நடுவே ஒரு டிரம் வைத்திருந்தார்கள். வாலை வெளியே வீசியபடி அதைச் சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான்.

வெள்ளிங்கிரி புறப்பட்டார். வேகம் பிடித்தார். திருப்பினார். பின்பக்கம் மெல்ல விலகியது.

அவர் பிரேக்கை மிதித்தார்.

மறுபடியும் போனார். பின்பக்கம் விலகியது. மறுபடியும் மிதித்தார்.

அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டார். டிரம் உருண்டு வெகுதூரம் போனது. கூட்டத்தில் யாரோ அதற்குக் கைதட்டினார்கள்.

காயலாங்கடைக்காரரும் வந்திருந்தார். ஆவணி வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை. உருண்டு வந்த டிரம்மை நிறுத்தி அதையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

வெள்ளிங்கிரி காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். உடம்பெல்லாம் வியர்வை.

"பவர் பத்தலீங்க குருவே. அந்த ஆறு சிலிண்டர் மட்டும் இருந்திருந்தா..."

ரெஜினா பேசவில்லை. இந்த முறை வாயில் நட்டு எதுவும் இல்லை.

ருக்குமணியிடம் திரும்பினார்.

"அக்கா, மழையில காலி பிக்கப் ஓட்டியிருக்கீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க. கல்யாணம் முடிஞ்சா தெர்மாகோலெல்லாம் அங்கயே குப்பைக்குப் போயிரும். வரப்ப வண்டி காலிதான?"

"வளைவுல வால் ஆடுமா?"

"ஆடாம? கெணத்துக்கடவு தாண்டி ஒரு வளைவு இருக்குது. ஈரமா இருந்தா வண்டி ரோட்டுக்குக் குறுக்க நிக்கும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வாலு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்க விட்டுருவேன். ஆக்சிலேட்டர்ல கால அப்படியே வெச்சுக்குவேன். பிரேக்க மிதிச்சா சுத்திப் போடுமுங்க. வேற என்ன பண்றது? நட்ட நடு ரோட்டுல எறங்கி அழுகறதா?"

"அண்ணன் பயப்பட மாட்டாரா?"

"அவுரா? பின்னாடி ஒத்தையா உக்காந்துட்டு 'ஆஹா, ஆஹா'ன்னு கத்துவாரு. எனக்கு இங்க உசுரு போகும். ஊட்டுக்கு வந்து, 'இன்னைக்கு வண்டி என்னமா வழுக்குச்சு ருக்கு'ம்பாரு. அப்படி ஒரு நாளு வந்து எறங்கித்தான் இந்தக் காரப் புடிச்சுட்டு வந்தாரு."

 

ரெஜினா வெள்ளிங்கிரியின் கையிலிருந்த சாவியை எடுத்தார். ருக்குமணியிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்கு அம்மிணி?"

"உங்க இன்ஜின்தானக்கா. ஒரு தடவ பாருங்க."

ருக்குமணி குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். ஹெல்மெட் கொண்டையில் இடித்தது. கொண்டையை அவிழ்த்தார்.

"நான் எங்க உக்காரட்டும்?" என்று கேட்டார் வெள்ளிங்கிரி.

"எப்பவும் எங்க உக்காருவீங்க?"

அவர் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

கார் புறப்பட்டது. முகூர்த்த நேரத்துக்கு மண்டபம் போகிற மாதிரி, அவசரம் காட்டாமல், ஆனால் நிற்காமல் போனது. திரும்பியது. பின்பக்கம் விலகியது.

விலகிக்கொண்டே போனது.

வழுக்கை டயர்கள் கிறீச்சிட்டன. புகை எழுந்தது. நீண்ட மூக்கு டிரம் இருந்த இடத்தைப் பார்த்தபடியே இருக்க, வால் பெரிய வட்டம் போட்டது. ருக்குமணியின் கைகள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கறுப்புக் கண்ணாடி இளைஞன் கண்ணாடியைக் கழற்றினான்.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆஹா!"

இரண்டாவது சுற்றிலும் கேட்டது.

"ஆஹா! ஆ..."

பாதியில் நின்றுவிட்டது. அதன் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.

கார் சுற்றிக்கொண்டே இருந்தது. போதும் என்று கொடி அசைத்தார்கள். ருக்குமணி கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காத மாதிரி இன்னும் இரண்டு சுற்று வந்தார்.

புகை அடங்கியபோது காயலாங்கடைக்காரர் டிரம்மைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் பழைய இடத்தில் வைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

ரெஜினா காரின் அருகே வந்தார். பின்சீட்டில் வெள்ளிங்கிரி ஹெல்மெட்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் அவர் மனைவியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்த முடி ஹெல்மெட்டுக்குக் கீழே முதுகெல்லாம் பரவியிருந்தது.

"அண்ணா, பவர் பத்துச்சா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ருக்குமணி இன்ஜினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"ஏனுங்க."

"சொல்லு ருக்கு."

"ஆவணி ரெண்டாந்தேதி பொள்ளாச்சிக் கல்யாணம்."

"நெனப்பிருக்குது. நாளைக்கே இன்ஜினக் கழட்டி உம்பட வண்டில மாட்டிரலாம். நானே கூட நின்னு..."

"வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிருங்க."